பழைய சலவை இயந்திரமும் கிடைக்காத ஒரு ரப்பர் சீலும்

மயிலாடுதுறையில் இருக்கும் நண்பர் ஒருவர், வீட்டில் கிடக்கும் பழைய இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினைப் பழுது பார்ப்பதா, காயலாங்கடையில் போடுவதா என்று கேட்டிருந்தார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு இயந்திரமும் அதே காலத்தது. மற்ற இயந்திரங்களிலிருந்து கழற்றி வந்த பாகங்களால்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து மோட்டார்களைப் புகழாமல் இருக்க முடியாது. செம்புக் கம்பி சுற்றிய துவைக்கும் மோட்டார் ஒன்று நல்ல நிலையில் கிடைத்துவிட்டால் அதன்பின் அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் செம்புக்காகக் கடைக்காரர் அதை உடைப்பதற்கு முன்பே நாம் போய்ச் சேர வேண்டும். அது இரு திசையிலும் சுழல வேண்டிய மோட்டார் என்பதால் அதனுள் இருக்கும் இரண்டு கம்பிச் சுருள்களும் சமமாக இருக்கும். வெளியே வரும் மூன்று கம்பிகளில் இரண்டு சுருள்களுக்கும் பொதுவான கம்பிக்கும் மற்ற இரண்டு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய ஒரே ஓம் அளவைக் காட்டினால் நம்பி வாங்கலாம். பிழியும் மோட்டார் ஒரே திசையில் ஓடுவது. அதில் அளவுகள் வேறுபடுவது இயல்பு. சாவி கொடுத்தது போல் ஓடும் பழைய டைமரும் நன்றாகவே உழைக்கிறது. மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டரை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் இயந்திரங்களை நான் தொடுவதில்லை. உப்புக்காற்றில் அடிச்சட்டமும் திருகுகளும் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கும்.

என் பொறுமையைச் சோதிப்பது பிழியும் தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல்தான். தொட்டியைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் அந்தச் சீலின் நடுவே இறங்கி மோட்டாரோடு சேர்கிறது. தொட்டி ஆடும்போது மடிப்பு மடிப்பான அந்த ரப்பரும் சேர்ந்து வளைய, அதன் மெல்லிய உதடு ஷாஃப்டை விடாமல் பற்றியிருக்க வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் ஷாஃப்டில் வெள்ளையாகப் படிந்து சொரசொரப்பாகி அந்த உதட்டைத் தேய்த்துவிடுகிறது. கசியும் சோப்புத் தண்ணீர் நேராக மோட்டாரின் தண்டை மேலே தாங்கும் வளையமான புஷ்ஷில் இறங்கி, அங்குள்ள எண்ணெயைக் கழுவிவிட, எத்தனை நல்ல மோட்டாரானாலும் இறுகி நின்றுவிடுகிறது. பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய சீலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் மடிப்புகளில் வெடிப்பு தெரிகிறது. இரும்பையும் செம்பையும் மீட்கலாம். மூப்படைந்த ரப்பரை மீட்க முடியாது. புதிது என்று கடையில் தருவதோ பார்வைக்கு அதேபோல் இருந்தாலும் துளை ஒரு மயிரிழை பெரிதாகவோ உயரம் சற்றுக் குறைவாகவோ அமைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் உழைக்கும் மோட்டாரைச் செய்தவர்கள், அதைக் காக்கும் இந்தச் சிறு ரப்பரைச் சரியான அளவில் தொடர்ந்து கிடைக்கச் செய்யாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சென்ற வாரம் மாற்றிய சீலும் இன்று கசிகிறது. ஆகவே இத்தனை புகழ்ந்த பிறகும், பழுது பார்க்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்கிறேன். மனம் கேட்கவில்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்து, பழைய சீலைக் கழற்றி, ஷாஃப்டில் அதன் உதடு படியும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது. அப்போதும் மோட்டாரையும் டைமரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றி வையுங்கள், நான் வந்து விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.