‘நீங்கள் தகுதியானவரா?’ எடை குறைப்பு அறுவை சிகிச்சை கால்குலேட்டர்களை எவ்வளவு நம்பலாம்

பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் பல மருத்துவமனைகளின் இணையதளங்களில் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. உயரமும் எடையும் போட்டால் ‘தகுதி உண்டு’ என்று வரும். கணக்கில் பிழை இருக்காது. அது கேட்காமல் விடும் கேள்விகளில்தான் சிக்கல்.

முதலில் அதன் வரம்பைப் பாருங்கள். பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 40, இணைநோய் இருந்தால் 35 என்று காட்டினால் அது அமெரிக்காவில் 1991-இல் வகுத்த பழைய அளவு. 2022-இல் இந்தச் சிகிச்சைக்கான அமெரிக்க அமைப்பான ஏ.எஸ்.எம்.பி.எஸ்., சர்வதேச அமைப்பான இஃப்சோ இரண்டும் வெளியிட்ட வழிகாட்டுதலில் இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும். டைப் 2 சர்க்கரை இருந்தால் 30. ஆசியர்களுக்கு 27.5-லேயே பரிந்துரைக்கலாம், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்துவிடுகின்றன. 165 செ.மீ. உயரத்துக்கு 27.5 என்பது 75 கிலோ, 35 என்பது 95, 40 என்பது 109.

பலர் ஏமாறுவது இன்ஷூரன்ஸில். காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு விதிப்படி, இந்தச் சிகிச்சைக்குக் க்ளெய்ம் கிடைக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35-உடன், மற்ற வழிகள் பலிக்காத நிலையில், உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது), கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பி.பி.யும் மூட்டுவலியும் இந்தப் பட்டியலிலேயே இல்லை! 30 பி.எம்.ஐ.க்குக் கால்குலேட்டர் பச்சைக்கொடி காட்டினாலும் க்ளெய்ம் கிடைப்பது கடினம்.

உயரத்தை உத்தேசமாகப் போடவே கூடாது. 95 கிலோ, 165 செ.மீ. என்றால் 34.9, செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்று அளந்து 162 வந்தால் 36.2. மூன்று சென்டிமீட்டரில் வரம்பே தாண்டிவிடுகிறது. கால் வீக்கம் இருந்தால் நீரின் எடையும் கணக்கில் ஏறும்.

நெஞ்செரிச்சல் உண்டா என்று கால்குலேட்டர் கேட்காது. கேட்க வேண்டிய கேள்வி அது: ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்தால் எதுக்களிப்பு அதிகமாகலாம், அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை பைபாஸ்தான் (சிறிய இரைப்பைப் பையைச் சிறுகுடலோடு இணைப்பது) பெரும்பாலும் பொருத்தம். எண்டோஸ்கோபி செய்து, வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். புகை, மது, சிகிச்சை எடுக்காத மனநோய், கர்ப்பம், ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை எடுக்க முடியாத நிலை எல்லாமே முடிவை மாற்றும் அல்லது தள்ளிப்போடும். சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் பெண்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கால்குலேட்டரை முதல் வடிகட்டியாகப் பயன்படுத்துங்கள், அதற்குமேல் வேண்டாம். ஆலோசனைக்குப் போகும்போது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து ரிப்போர்ட்டுகளையும், இதுவரை முயன்ற உணவுமுறை, மருந்து விவரங்களையும், பாலிசியின் விலக்குப் பக்கத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.