மினி டிவிடி: ஆர் வாங்கலாமா, ஆர்டபிள்யூ வாங்கலாமா?

பரணில் கிடந்த டிவிடி ஹேண்டிகேமை (சின்ன டிவிடி வட்டில் பதியும் வீடியோ கேமராவை) மறுபடி எடுத்தவர்களுக்கு வரும் குழப்பம் இது. ஆர் என்றால் டிவிடி-ஆர், ஆர்டபிள்யூ என்றால் டிவிடி-ஆர்டபிள்யூ. இரண்டுமே 8 செ.மீ. வட்டு, 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் சுமார் 30 நிமிடம்.

விலை
ஆர்: மலிவு, ஒரே தடவைதான்.
ஆர்டபிள்யூ: விலை கூடுதல், ஆனால் அழித்து அழித்து எழுதலாம். 1000 முறை என்பார்கள். அவ்வளவு யாருக்குத் தேவை?

வேறு பிளேயரில் ஓடுமா
தகராறே இங்குதான்.
ஆர்: கேமராவிலேயே ஃபைனலைஸ் (மற்ற பிளேயர்கள் படிக்கும்படி பதிவை முடித்து மூடுவது) செய்துவிட்டால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடும். மறந்தால் வட்டே இல்லை என்று அடம்பிடிக்கும்.
ஆர்டபிள்யூ: ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் சில பழைய பிளேயர்கள் திணறும். விஆர் முறையில் (கேமராவிலேயே வெட்டித் திருத்த வசதியான பதிவு முறை) பதிந்திருந்தால் இன்னும் சிக்கல்.

பாதுகாப்பு
ஆர்: பதிவது சாயப் படலத்தில், வெயில் ஆகாது.
ஆர்டபிள்யூ: உலோகக் கலவைப் படலம். பயம் வெயிலுக்கல்ல, கைதவறி அழிப்பதற்கு.

கல்யாணம், காதுகுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர். எடுத்த கையோடு கணினிக்கு மாற்றுபவருக்கு ஆர்டபிள்யூ போதும்.

எதுவானாலும் டிரேயின் உள்வட்டக் குழியில் வையுங்கள். வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் கார் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் சிக்கிக்கொள்ளும்.