ரோமிங் புரொஃபைலா, ஒன்டிரைவா? சின்ன அலுவலகத்துக்கு எது தோது

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதால், சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்திலும் பழைய கணினிகளை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. புதுக் கணினி வாங்குவது பெரிய விஷயமில்லை. ஒவ்வொருவருடைய டெஸ்க்டாப், கோப்புகள், தமிழ் எழுத்துரு, மின்னஞ்சல் கையொப்பம் எல்லாம் அதில் வந்து சேர வேண்டுமே, அதுதான் வேலை. ஏற்கெனவே சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ரோமிங் புரொஃபைலை (பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் அடங்கிய தொகுப்பை சர்வரில் வைக்கும் முறை) தொடரலாம், இல்லை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கு மாறலாம். நாங்கள் மாறிவிட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரோமிங் புரொஃபைலின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாக்-இன் செய்யும்போது சர்வரிலிருந்து நகல் வரும், வெளியேறும்போது திரும்பிப் போகும். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் நம் டெஸ்க்டாப். மாதச் சந்தாவும் கிடையாது. குறையும் தெரிந்ததே: யாராவது டெஸ்க்டாப்பில் பெரிய வீடியோவைப் போட்டுவைத்தால் காலையில் லாக்-இன் இழு இழு என்று இழுக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது கணினி மாற்றும் நாள்தான். ரோமிங் புரொஃபைல் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் விண்டோஸ் ஒரு வால் ஒட்டும். விண்டோஸ் 7க்கு வி2, 8க்கு வி3, 8.1க்கு வி4, விண்டோஸ் 10 வந்த புதிதில் வி5, அதன் 1607 பதிப்பிலிருந்து வி6. ஒரு வால் உள்ளதை இன்னொன்று படிக்காது. அதனால்தான் 7இலிருந்து 10க்குப் போனவர்கள் வெறும் டெஸ்க்டாப்பைப் பார்த்து விழித்தார்கள். விண்டோஸ் 11க்கும் வி6தான் என்பதால் இந்த முறை அந்தச் சிக்கல் வராது. அப்படியானால் ஏன் விட்டோம்?

என்ன வருகிறது, என்ன வராது என்று பாருங்கள். பயனரின் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம், ஏறக்குறைய முழுதாக வரும். எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம், தூக்கிப்போட்ட பிரிண்டரின் இணைப்பு எல்லாம் கூடவே வரும். ஆனால் மென்பொருள்கள் பயனரின் தரவை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் ‘லோக்கல்’ என்ற பகுதி வராது. குரோமின் புக்மார்க்குகள் அங்கேதான் இருக்கின்றன. பயனர் தனக்கு மட்டும் நிறுவிக்கொண்ட எழுத்துருக்களும் அங்கேதான். குப்பை வரும், வேண்டியது வராது.

ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப் இதைவிடக் குறைவாகத்தான் கொண்டுவருகிறது: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ். அந்தக் குறைவுதான் எனக்குப் பிடித்தது. புதுக் கணினியில் புரொஃபைல் புதிதாக உருவாகும், லாக்-இன் செய்ததும் கோப்புகளின் பெயர்கள் தெரியும், திறக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் இறங்கும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசியில் ஒருமுறை அமைத்துவிட்டால் பயனரிடம் கேட்காமலே ஃபோல்டர்கள் நகர்ந்துவிடும். இடையில் கணினி பழுதானாலும் இதே வழிதான். மின்னஞ்சலுக்காக மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பேசிக் வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு 1 டெராபைட் ஏற்கெனவே இருக்கிறது.

கையால் எடுக்க வேண்டியவையும் உண்டு. அவுட்லுக் கையொப்பம், வேர்டின் நார்மல் டெம்ப்ளேட் (புது ஆவணங்களின் அடிப்படை வார்ப்பு), எழுத்துப்பிழை பார்க்க நாமே சொற்கள் சேர்க்கும் சொந்த அகராதி மூன்றும் ஆப்டேட்டாவின் ‘ரோமிங்’ ஃபோல்டருக்குள் இருப்பதால் ஒன்டிரைவ் அவற்றைத் தொடாது. கணக்குப் பிரிவு அக்கா வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் அந்த அகராதியில் சேர்த்து வைத்திருக்கிறார். அதை விட்டுவிட்டால் எல்லாப் பெயருக்கும் சிவப்புக்கோடு விழும், அப்புறம் நமக்கும் விழும். இந்த மூன்றையும் நகலெடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். எழுத்துருவை எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து நிறுவிவிட்டால் அது புரொஃபைலுக்கு வெளியே போய்விடும். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி கோப்பு டாக்குமென்ட்ஸில் கிடந்தால் முதலிலேயே அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

கணினி மாறாமல் டொமைன் (அலுவலகக் கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) மட்டும் மாறுகிறது என்றால் ஃபோரன்சிட் நிறுவனத்தின் புரொஃபைல் விஸார்ட் தோது. இருக்கும் புரொஃபைலை அப்படியே புதுக் கணக்குக்கு மாற்றிக்கொடுக்கும்.

ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் இடம் மாறி உட்காரும் பெரிய அலுவலகத்தை நான் பராமரித்ததில்லை. தினமும் வேறு வேறு கணினியில் ஒன்டிரைவ் முதலிலிருந்து தொடங்கினால் சிரமமாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அங்கே ரோமிங் புரொஃபைலே சரியாக இருக்கலாம்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கணக்கை நீக்கினால், அமைப்பை மாற்றாதவரை 30 நாள்தான் அவருடைய ஒன்டிரைவ் இருக்கும். அதற்குள் வேண்டியதை எடுத்துவிட வேண்டும். பழைய சர்வரை நாங்கள் இன்னும் அணைக்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் திறக்கும் கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் அதில் இருக்கிறது, அதை ஒன்டிரைவில் போடுவதாக இல்லை.