இரண்டு கட்சிக்கும் ஒரே மேசை: புதுச்சேரியில் ஒரு கன்சோல் பழுதுபார்க்கும் கடை

வீடியோ கேம் கன்சோல்களில் இரண்டு கட்சி: சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ். நான் பிளேஸ்டேஷன் கட்சி. பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து மாறியதில்லை, இனியும் மாறப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்றவர்களின் பற்றை உசுப்பிவிட்டுக் காசு பார்க்கும் கடைகள் எத்தனையோ உண்டு. காந்தி வீதியை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இந்தக் கடைக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனது டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை, அதாவது பிளேஸ்டேஷன் 5-இன் கைப்பிடிக் கருவியைச் சரிசெய்ய. கட்டைவிரலால் அசைக்கும் இடது ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் ஆட்டக்காரன் ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தான். கடைக்காரர் பலகையில் இருந்த ஈயப் பற்றுகளை ஒவ்வொன்றாக உருக்கி ஸ்டிக்கைப் பெயர்த்தெடுத்தார். அதன் பக்கவாட்டில் இருந்த சிறிய பச்சை மூடியை நெம்பிக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஒரு கரித்தடம், அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும் உலோக நாக்கு. தடம் தேய்ந்து பளபளத்தது. “புதிதாகப் போடுவதும் இதே வகைதான், தம்பி. உரசாமல் காந்தத்தால் இயங்குவதும் இருக்கிறது, விலை கூடுதல். எதைப் போடட்டும்?” என்று கேட்டார். காந்த வகையையே போடச் சொன்னேன். இதுவரை ஒரு குறையும் இல்லை.

பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவரின் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் திறந்து கிடந்தது. அதிலும் அதே பச்சை மூடிகள். இரண்டுக்கும் ஸ்டிக் செய்து கொடுப்பது ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டின் முதன்மைச் சிப்பும் அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் வடிவமைத்தது. ஆண்டுக்கணக்கில் நாங்கள் சண்டை போடுகிற இரண்டு பெட்டிகளின் உள்ளுறுப்புகள் இவ்வளவு நெருக்கம்!

அதற்காகப் பற்று பொய்யாகிவிடாது. 2025-இல் மைக்ரோசாஃப்டின் கார் பந்தய விளையாட்டான ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷனுக்கும் வந்தபோது மனம் நொந்துபோனதாக அந்த மாணவர் சொன்னார். எனக்குப் புரிந்தது. அலமாரியில் இருந்த எக்ஸ்பாக்ஸ் 360 அவருடைய அண்ணன் வாங்கியதாம். மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போன பெட்டி. அந்தக் கோளாறுக்காக 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அப்படியும் அந்த வீடு கட்சி மாறவில்லை.

புதிதாக வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கிறார்: வீட்டில் என்ன டிஸ்க் இருக்கிறது? யாரோடு விளையாடப் போகிறீர்கள்? பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-இல் பெரும்பாலானவை ஓடும் என்கிறார். டிஸ்க் டிரைவ் இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேட்டு வந்த ஒரு தந்தையிடம், “இதில் டிஸ்க் போட முடியாது சார். பையன் நண்பர்களிடம் இரவல் வாங்கவும் முடியாது, ஆடி முடித்து விற்கவும் முடியாது” என்று விற்பனையே கெடும்படி உடைத்துச் சொன்னார். விசுவாசத்தில் பாதி இப்படிச் சேர்ந்துவிட்ட டிஸ்க்குகளும் கூட்டாளிகளும்தான் என்பது என் எண்ணம்.

குறை உண்டு. நிற்கக்கூட இடமில்லை. டிவி வயரைச் செருகும் எச்டிஎம்ஐ போர்ட்டில் வேலை என்றால் பெட்டியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சொன்ன நாளில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் அந்தச் சந்துக்குள் நுழைவதே பாடு, வார நாளில் காலையில் போங்கள்.