மில்ஃபோர்டா, டவுட்ஃபுல்லா?

புளியரையில் ஜூன் பிறந்ததும் ஆரியங்காவு கணவாய் வழியே சாரல் இறங்கும். அதில் நனைந்தே வளர்ந்த நாங்கள் நாலு பேர், நியூசிலாந்தின் ஃபியோர்டு (பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடம்) ஒன்றில் சின்னப் படகில் இரவு தங்கத் திட்டம் போடுகிறோம். மில்ஃபோர்டு சவுண்டா, டவுட்ஃபுல் சவுண்டா என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு.

மில்ஃபோர்டு போவது எளிது. டி அனாவ் ஊரிலிருந்து சாலையிலேயே சுமார் 120 கிலோமீட்டர். 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கத்தைத் தாண்டி இறங்கினால் படகுத்துறை. ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கொட்டும்போது பாறைச் சுவர் முழுக்க அருவிகள் முளைக்கும். குற்றாலத்துப் பக்கத்து ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பகலில் படகுக்குப் பின்னால் படகு.

டவுட்ஃபுல் அப்படியில்லை. மனப்பௌரி ஏரியைப் படகில் கடந்து, வில்மாட் கணவாயை பஸ்ஸில் ஏறி இறங்கி, அப்புறம்தான் கடல். 40 கிலோமீட்டர் நீளம், கிளைகள் வேறு. ஒரு கிளைக்குள் போய் இன்ஜினை நிறுத்தினால், இலையிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்கும். காட்டு இலைச்சாறு இறங்கிய மழைநீர் தேயிலை நிறத்தில் கடல்மேல் படிந்து நிற்கும். அது வெளிச்சத்தை மறைக்கும். அந்த இருட்டால்தான் ஆழத்தில் வளரும் கருப்புப் பவளம் அங்கே மேலேயே வளர்கிறது.

மணல் ஈ இரண்டிலும் கடிக்கும். முழுக்கைச் சட்டை கட்டாயம்.

"கடல் அலை எனக்கு ஒத்துக்காதே" என்றார் மைனி. உள்ளே அலை குறைவு, டாஸ்மன் கடலைத் தொடும் வாயில்தான் ஆட்டம் என்றேன். சரி என்றார்.

ஒரே நாள்தான் கையில் என்றால் மில்ஃபோர்டு. எங்களுக்கு மூன்று நாள் இருக்கிறது. டவுட்ஃபுல்லுக்கே முன்பணம் கட்டச் சொல்லிவிட்டேன்.