நிலாவில் கட்டடமா? போன் படமும் சந்திரயான் படமும்

சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் முழு ஜூமில் எடுத்த நிலாப் படத்தைப் பெரிதாக்கினால் சதுரசதுரமாக ஏதோ தெரியும். கட்டடம் இல்லை, படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் (JPEG) சுருக்கத்தின் 8×8 பிக்சல் (படப்புள்ளி) கட்டங்கள். சில போன்கள் இல்லாத விவரத்தைத் தாமே வரைந்தும் விடும். ஒரு பிக்சலுக்குள்ளேயே பல கிலோமீட்டர் நிலம் அடங்கிவிடுகிறது. அழகுக்குச் சரி, ஆதாரத்துக்கு ஆகாது.

ஆதாரம் வேண்டுமென்றால் நிலாவைச் சுற்றும் சந்திரயான்-2 ஆர்பிட்டர் கலம் எடுத்த படம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் கே. சிவன் இஸ்ரோ தலைவராக இருந்த 2019-இல் போன கலம் அது. 100 கி.மீ. உயரத்திலிருந்து பிக்சலுக்குச் சுமார் 25 செ.மீ.; அப்பல்லோ 11 இறங்குகலத்தின் அடிப்பகுதியே தெரிகிறது. ஆனாலும் நிழலைக் கவனியுங்கள். சூரியன் தாழ்ந்திருந்தால் சிறு பாறைக்கும் கோபுர நிழல் விழும். 1966-இல் அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர்-2 விண்கலம் எடுத்த படத்தில் சிலர் 'தூண்கள்' கண்டது அப்படித்தான்.