கர்னல் நினைவகக் கசிவு: ரீபூட்டா, லைவ் பேட்ச்சா, புதிய கர்னலா?

மணலி, திருவொற்றியூர் பக்கம் இயங்கும் ஒரு கண்டெய்னர் யார்டை எடுத்துக்கொள்வோம். எடைமேடைக் கணக்கையும் கேட் பாஸையும் ஒரே லினக்ஸ் சர்வர் கவனிக்கிறது. அது கால் மணி நேரம் நின்றாலும் டிரெய்லர்கள் சாலை வரை வரிசை கட்டிவிடும். அந்தச் சர்வரின் நினைவகம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருகிறது, அதாவது எடுத்த நினைவகம் திரும்பாமல் கசிகிறது என்றால், முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: அவ்வப்போது ரீபூட் செய்வது, இயங்கும் கர்னலிலேயே (இயங்குதளத்தின் உட்கருவிலேயே) நிறுத்தாமல் திருத்தும் லைவ் பேட்ச் போடுவது, திருத்தம் சேர்ந்த புதிய கர்னலுக்கு மாறுவது. முதலாவதை இளக்காரமாகவும் இரண்டாவதை வியப்போடும் பார்ப்பவர்கள் நம் துறையில் உண்டு. கசிவு என்ற இந்த ஒரு கோளாறைப் பொறுத்தவரை அந்த மதிப்பீடு தலைகீழானது என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கு முன், கசிவு கர்னலில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். காலி நினைவகம் குறைவாகத் தெரிவது மட்டும் அதற்கு அடையாளம் அன்று. படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, தேவை வரும்போது விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தையும் சேர்த்து, உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டத்தான் 2014இல் வெளியான 3.14 கர்னலில் ‘மெம்அவைலபிள்’ என்ற தனி வரி, நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் சேர்க்கப்பட்டது. அந்த எண் இறங்கிக்கொண்டே போக, எந்த நிரலின் கணக்கிலும் அந்த நினைவகம் சேராமல், அதே கோப்பின் ‘எஸ்அன்ரீக்ளெய்ம்’ என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால், கர்னல் தன் உள்வேலைக்கு ஒதுக்கிய ஸ்லாப் நினைவகம் திரும்பி வரவில்லை என்று கொள்ளலாம். எந்த வகை ஒதுக்கீடு பெருகுகிறது என்பதை ஸ்லாப்டாப் கட்டளை காட்டிவிடும். (சாதனங்களை இயக்கும் டிரைவர்கள், ‘பக்கம்’ எனப்படும் துண்டுகளாக நேரடியாக எடுக்கும் நினைவகம் இந்த வரியிலும் தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.) மாறாக, ஒரு நிரல்தான் வீங்குகிறது என்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அதற்கு உச்சவரம்பு வைத்து அதை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும், இந்த அலசலே தேவையில்லை.

ரீபூட்டின் பலம், அது கசிந்த நினைவகம் முழுவதையும் சந்தேகமில்லாமல் மீட்டுத் தருவது. பலவீனம், காரணம் அப்படியே இருப்பது. இதை நாள்காட்டியை வைத்துச் செய்வதைவிட அளவை வைத்துச் செய்வதே சரி. கசிவு பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது அன்று, வேலையைப் பொறுத்தது: துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறங்கி, ஜீரோ கேட் என்ற வாயில் வழியாக கண்டெய்னர்கள் மொத்தமாக வெளியேறும் நாட்களில் இணைப்புகள் பெருகும், கசிவும் வேகமெடுக்கும். சராசரியாக ஒரு நாளைக்கு 400 எம்பி கசிகிறது, 12 ஜிபி மிச்சம் இருக்கிறது என்றால் 30 நாள் தாங்கும் என்பது தாளில் சரியாக வரும் கணக்கு. நெரிசலான ஒரு வாரம் அதைக் கலைத்துவிடும். எனவே மிச்சத்தில் பாதி தீர்ந்ததும் எச்சரிக்கை வரும்படி வைத்து, அடுத்து வரும் நெரிசலற்ற இரவில் ரீபூட் செய்யலாம். சர்வர் வன்பொருள் தன்னைச் சோதித்துக்கொள்ளவே பல நிமிடங்கள் எடுக்கும் என்பதால், அந்தச் சோதனையைத் தாண்டி நேராகக் கர்னலை ஏற்றும் கெக்ஸெக் இங்கே பெரிதும் உதவும். ரீபூட்டுக்கு முன் ஸ்லாப் விவரத்தைச் சேமிக்காவிட்டால் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.

லைவ் பேட்ச் 2015இல் 4.0 கர்னலில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. பிழையுள்ள செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) போகும் அழைப்பைத் திருத்திய செயற்கூறுக்குத் திருப்பிவிடுவதே அதன் நுட்பம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அது அருமையான கருவி. கசிவில்தான் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. இனிமேல் கசியாமல் தடுக்கும், ஏற்கெனவே கசிந்ததைத் திருப்பித் தராது. ஏனெனில் அந்த நினைவகத்தைச் சுட்டும் முகவரியே கர்னலின் கையில் இல்லை. நிறுவனங்கள் சந்தாவுக்குத் தரும் லைவ் பேட்ச்களும் கடுமையான பாதுகாப்புக் குறைகளுக்கே முதலிடம் தருகின்றன. சாதாரணக் கசிவு அந்த வரிசையில் வராமலே போகலாம். நாமே உருவாக்க வேண்டுமானால் அதே கர்னலின் மூல நிரலும் பிழைநீக்கத் தகவலும் அதற்குப் பொருந்தும் கம்பைலரும் வேண்டும். ஒற்றைச் சர்வர் வைத்திருக்கும் யார்டுக்கு இந்த உழைப்பு கட்டுப்படியாகாது.

புதிய கர்னல் ஒன்றுதான் காரணத்தை நிரந்தரமாக நீக்கும் வழி, அதுவும் காரணம் தெரிந்திருந்தால். 2009 முதல் கர்னலோடு வரும் கேமெம்லீக் என்ற கசிவு தேடும் கருவி, யாரும் சுட்டாத ஒதுக்கீடுகளை இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடி, அவை எந்த அழைப்பின் வழியே பிறந்தன என்பதோடு பட்டியலிடும். அது வேகத்தைக் குறைக்கும், சில சமயம் தவறாகவும் காட்டும். ஆகவே அதை இயக்கிய கர்னலைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டுவதே முறை. பிறகு நீண்டகால ஆதரவுக் கர்னலின் மாற்றக் குறிப்புகளில் அந்தச் செயற்கூறின் பெயரைத் தேடினால், திருத்தம் ஏற்கெனவே வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். புதுப்பிப்பே கசிவைக் கொண்டுவருவதும் உண்டு: 2024 மார்ச்சில் வந்த விண்டோஸ் சர்வர் புதுப்பிப்பு, பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களில் எல்சாஸ் என்ற சேவையை நினைவகம் கசிய வைத்தது, மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. யார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடைமேடை இண்டிகேட்டரை இணைக்கும் சீரியல் கார்டின் டிரைவர் கர்னலுக்கு வெளியிலிருந்து வந்ததாக இருந்தால், புதிய கர்னலுக்கு அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மறந்தால் சர்வர் எழுந்துவிடும், எடை மட்டும் வராது.

ஆக, ரீபூட்டும் புதிய கர்னலும் போட்டியாளர்களே அல்ல. கர்னல் மாற எப்படியும் ஒரு ரீபூட் வேண்டும், அந்த ஒரே இரவில் இரண்டையும் முடித்துவிடலாம். ரீபூட் செய்யவே முடியாத இயந்திரம், கசிவு தொடங்கிய புதிதிலேயே கண்டுபிடிக்கப்பட்டது, தயாரான பேட்ச்சும் இருக்கிறது என்றால் மட்டும் லைவ் பேட்ச்சைத் தேர்ந்தெடுப்பேன். மற்றபடி பழைய கர்னலை, சர்வர் எழும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலிலேயே விட்டுவைத்து, அடுத்த பெரிய கப்பலின் நெரிசல் முழுவதும் எஸ்அன்ரீக்ளெய்ம் வரி ஏறாமல் இருப்பதைப் பார்த்த பிறகே அந்த எச்சரிக்கை ஏற்பாட்டை எடுக்க வேண்டும்.